பிஎஸ்பி எமுலேட்டர் திக்கித் திணறுகிறதா? எதைக் குறைக்கலாம், எதைத் தொடாமல் விடலாம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் ஃபோனை நீட்டினான். "மாமா, காட் ஆஃப் வார் ஓடவே மாட்டேங்குது. கிரேட்டாஸ் கத்திய ஓங்குறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். ஃபோன மாத்தணும்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஃபோன் இரண்டு வருடம் பழசு, 720பி திரை. சோனியின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் ஆட்டங்களை ஃபோனில் ஓட்டும் எமுலேட்டர் செயலி பிபிஎஸ்எஸ்பிபி. அதன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ரெண்டரிங் ரெசல்யூஷன் 5எக்ஸ். டெக்ஸ்சர் அப்ஸ்கேலிங் 4எக்ஸ். ஃபிரேம் ஸ்கிப் 2. சிபியு கிளாக் 1000. "லேக் இல்லாத பெஸ்ட் செட்டிங்ஸ்" என்று ஏதோ ஒரு வீடியோ பார்த்து வைத்தானாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி என்ன செய்யும்? உறுமும், சூடாகும், நகராது. அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இவன் மட்டுமல்ல, எமுலேட்டர் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இதே குழப்பம். ரெசல்யூஷனைக் குறைப்பதா, ஃபிரேம் ஸ்கிப் போடுவதா, வல்கனுக்கு (கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்கும் ஒரு முறை) மாறுவதா, "ஸ்கிப்" என்று ஆரம்பிக்கும் அத்தனையையும் ஆன் செய்வதா? நான்கும் வேகம் தருவதாகத்தான் சொல்கின்றன. ஒவ்வொன்றும் கேட்கும் விலை வேறு. (ஆட்டங்களை எங்கே எடுப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்த யுஎம்டி டிஸ்க்கிலிருந்து (பிஎஸ்பியின் குட்டி டிஸ்க்) எடுத்ததோ, ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாக வெளியிட்ட ஹோம்புரூவோ, அவ்வளவுதான் என் பதில்.)

## முதலில், எதை வைத்து அளப்பது

கிராஃபிக்ஸ் பகுதியின் கீழ்ப்பக்கம் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்), வேகம் இரண்டையும் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். மூலையில் 30/30 (100%) என்பது போல ஓர் எண் வரும். முதல் எண் நிஜமாகத் திரைக்கு வந்த ஃபிரேம். அடைப்புக்குள் இருப்பது வேகம், அதாவது பிஎஸ்பியின் ஒரு நொடியை உங்கள் ஃபோன் ஒரு நொடிக்குள் முடிக்கிறதா என்பது.

பலரும் முதல் எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள். ஜிடிஏ லிபர்ட்டி சிட்டி ஸ்டோரிஸ் அசல் பிஎஸ்பியிலேயே 30 ஃபிரேம்தான். சண்டை ஆட்டமான டெக்கன் 6 அறுபது. ஆக 30 என்ற எண் ஓர் ஆட்டத்தில் முழு ஆரோக்கியம், இன்னொன்றில் பாதி உயிர். வேகம் 100-இல் நிற்கிறதா என்பதே கேள்வி.

இதற்கு எண்ணைக்கூடப் பார்க்க வேண்டாம், காதே போதும். இசை இழுத்தாலோ, கரகரவென்று உடைந்தாலோ வேகம் 100-க்குக் கீழே போயிருக்கிறது. இசை சுத்தமாக இருந்து படம் மட்டும் வெட்டி வெட்டி வந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

வேகம் தவிர நான் பார்ப்பவை இன்னும் நான்கு: படம் சீராக நகர்கிறதா, படத்தில் ஏதாவது காணாமல் போகிறதா, பட்டனை அழுத்தியதும் உதை விழுகிறதா, அரை மணி நேரம் கழித்து ஃபோன் கையில் பிடிக்கிற சூட்டில் இருக்கிறதா. கடைசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபோன் சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் 100% காட்டிய செட்டிங் அரை மணியில் 80-க்கு இறங்குவது இதனால்தான். எந்த மாற்றத்தையும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

## இடிப்பது யார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை

ஆட்டம் திணறுகிற இடத்திலேயே நிறுத்தி, ரெசல்யூஷனை 1எக்ஸ் ஆக்கிவிட்டுத் திரும்பிப் போங்கள். வேகம் சட்டென்று ஏறினால் கிராஃபிக்ஸ் சிப்தான் திணறியிருக்கிறது. கிட்டத்தட்ட அதே எண்தான் என்றால் சுமை பிராசஸர் மேல் இருக்கிறது. பிஎஸ்பியின் மிப்ஸ் பிராசஸருக்கு எழுதிய கட்டளைகளை ஃபோனின் ஆர்ம் பிராசஸருக்குப் புரிகிற மாதிரி உடனுக்குடன் மாற்றிக்கொண்டே ஓடுவதுதான் எமுலேட்டரின் வேலை. அந்த வேலைக்கும் படத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை.

இந்த ஒரு சோதனையைச் செய்தால் கீழே இருப்பதில் பாதியைப் படிக்கவே வேண்டாம்.

## ரெசல்யூஷனைக் குறைப்பது

பிஎஸ்பியின் திரை 480×272. அதுதான் 1எக்ஸ், ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 1.3 லட்சம் புள்ளிகள். 2எக்ஸ் என்றால் இரண்டு மடங்கு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அகலமும் இரட்டிப்பு, உயரமும் இரட்டிப்பு, எனவே நான்கு மடங்கு: 5.2 லட்சம். 3எக்ஸில் ஒன்பது மடங்கு. அக்கா மகன் வைத்திருந்த 5எக்ஸில் இருபத்தைந்து மடங்கு, அதாவது 32 லட்சத்துக்கு மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் ஃபோன் திரையில் பிஎஸ்பி படம் பிடிக்கிற இடமே சுமார் 9 லட்சம் புள்ளிகள்தான். 32 லட்சத்தை வரைந்து, அதை 9 லட்சத்துக்குள் சுருக்கி, அதற்காக பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது ஃபோன். ஓரங்கள் கொஞ்சம் மழமழவென்று தெரியும், மறுப்பதற்கில்லை. ஐந்தரை அங்குலத் திரையில் அதற்காக 25 மடங்கு வேலையா?

கணக்கு எளிது. திரையின் உயரத்தை (ஃபோனைப் படுக்கவைத்துப் பிடித்தால்) 272-ஆல் வகுங்கள். 720 என்றால் 2.6 சொச்சம், 1080 என்றால் கிட்டத்தட்ட 4. முதல் வகை ஃபோனில் 3எக்ஸுக்கு மேலும், இரண்டாம் வகையில் 4எக்ஸுக்கு மேலும் போவது வீண். 2எக்ஸ் என்பது பட்ஜெட் ஃபோன்களில் பெரும்பாலும் நிற்கிற இடம்.

மறைமுகச் செலவு என்று இதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. 1எக்ஸில் எழுத்து கொஞ்சம் மங்கும், தூரத்து வேலிகள் மினுக்கும். ஆனால் ஆட்டத்தில் எதுவும் உடையாது, பட்டன் தாமதம் கூடாது, சூடு குறையும். பிஎஸ்பியில் 2005-இல் விளையாடியவர்கள் பார்த்த படமே அதுதான். நான்கு வழிகளில் ஆபத்தே இல்லாதது இது ஒன்றுதான். அதைக் கடைசியில் முயற்சி செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எப்போது பயனில்லை? மேலே சொன்ன சோதனையில் 1எக்ஸிலும் வேகம் ஏறாதபோது. ஐஃபோனில் இது நடக்கலாம். 2024 மே மாதம் முதல் பிபிஎஸ்எஸ்பிபி ஆப் ஸ்டோரில் கிடைக்கிறது. ஆனால் கட்டளைகளை உடனுக்குடன் மொழிமாற்றி ஓட்டும் வேகமான முறைக்கு அங்கே அனுமதி இல்லை, அதனால் பிராசஸர்மீது சுமை அதிகம். புதிய ஐஃபோன்கள் தாங்கிவிடும். பழையதில் ரெசல்யூஷனை எவ்வளவு இறக்கினாலும் அந்தச் சுமை குறையாது.

## ஃபிரேம் ஸ்கிப்

ஃபிரேம் ஸ்கிப் 1 என்றால் ஒரு ஃபிரேமை வரைந்து, அடுத்ததை விட்டுவிடும். ஆட்டத்தின் கணக்கு முழுக்க நடக்கும், படம் மட்டும் பாதி வரும். வேக எண் அழகாக 100% காட்டும், இசையும் சரியாக வரும். அதனால்தான் "பெஸ்ட் செட்டிங்ஸ்" வீடியோக்காரர்களுக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்: ஸ்கிரீன்ஷாட்டில் 100% விழுகிறதே.

விளையாடுகிறவன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். 60 ஃபிரேம் ஆட்டத்தில் ஒன்றை விட்டால் 30, பரவாயில்லை. 30 ஃபிரேம் ஆட்டத்தில் ஒன்றை விட்டால் 15. நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் வரைந்து புரட்டுவோமே, அந்த மாதிரி. 2 வைத்தால் 10. லிபர்ட்டி சிட்டியில் பைக் ஓட்டும்போது எதிரே வரும் லாரி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். நீங்கள் திருப்பியது திரையில் தெரிவதற்குள் மோதியிருப்பீர்கள். சில ஆட்டங்களில் படம் மினுக்கவும் செய்யும்.

இது எங்கே நல்லது என்றால், உடனடி அசைவு தேவைப்படாத இடத்தில். ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் போல முறைவைத்து ஆடும் ஆட்டங்களில் ஓரிரு ஃபிரேம் போனால் யாரும் அழப்போவதில்லை. அங்கேகூட எண்ணை நிலையாக வைக்காமல் ஆட்டோ ஃபிரேம் ஸ்கிப்பை ஆன் செய்யுங்கள். தேவைப்படும்போது மட்டும் விடும், மற்ற நேரம் முழுசாக வரையும். பிராசஸர்தான் இடிக்கிறது என்று சோதனையில் தெரிந்தால் ஃபிரேம் ஸ்கிப்பும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். வரைவதைத்தான் மிச்சம் பிடிக்கிறது, மொழிமாற்றும் வேலை அப்படியே இருக்கிறது.

## வல்கனா, ஓபன்ஜிஎல்லா

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்குவதற்கு வல்கன் பிராசஸரைக் குறைவாகத் தொந்தரவு செய்யும். அதனால் பிராசஸர் பலவீனமான ஃபோனில்தான் இதன் பயன் கண்ணுக்குத் தெரியும். நான்கைந்து வருடத்துக்குள் வாங்கிய ஃபோன் என்றால் வல்கனில் ஆரம்பியுங்கள்.

பிரச்சினை டிரைவரில், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளில். பழைய மலிவுச் சிப்களில் வல்கன் டிரைவர் அரைகுறையாக இருக்கும். கோடு கோடாகப் படம், கறுப்புத் திரை, நடு ஆட்டத்தில் வெளியே வந்து விழுவது, இதெல்லாம் வரும். அப்போது பேசாமல் பழைய முறையான ஓபன்ஜிஎல்லுக்குப் போய்விடுங்கள். கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால் டைரக்ட்3டி 11 என்று மூன்றாவது வழியும் உண்டு. பழைய ஆபீஸ் லேப்டாப்களில் அதுவே பல சமயம் நிதானமாக ஓடுகிறது.

மாற்றினால் செயலி ஒருமுறை மூடித் திறக்கும், எனவே ஆட்டத்துக்குள்ளேயே சேவ் செய்துவிட்டு மாற்றுங்கள். அப்புறம் ஒரு விஷயம். புதிதாக மாற்றிய முதல் பத்து நிமிடம் புதுப் புது இடங்களில் ஒரு சின்ன வெட்டு வெட்டும். அந்த இடத்துக்கு வேண்டிய ஷேடர்களை (படத்தின் நிறம், ஒளியைக் கணக்கிடும் குட்டி நிரல்கள்) அப்போதுதான் தயார் செய்கிறது. இரண்டாம் முறை அதே இடத்துக்குப் போனால் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு "வல்கன் வேஸ்ட்" என்று திரும்பி ஓடுகிறவர்கள் நிறைய.

## "ஸ்கிப்" குறுக்குவழிகள்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பெரியது ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ். பிஎஸ்பி ஆட்டங்கள் காட்சியை நேரே திரையில் வரைவதில்லை. முதலில் நினைவகத்தில் ஓரிடத்தில் வரைந்து, அதன்மேல் ஒளிப்பரவல், நிழல், மங்கல் எல்லாம் பூசி, பிறகு திரைக்குக் கொண்டுவரும். இந்த செட்டிங் நடுவில் உள்ள அந்த வேலை மேசையைத் தூக்கிவிட்டு நேரே திரையில் வரையச் சொல்கிறது. இப்படி இடம் மாற்றி மாற்றி வரைவது மொபைல் கிராஃபிக்ஸ் சிப்களுக்குப் பிடிக்காத வேலை, அதனால் மிகப் பழைய ஃபோனில் வேகம் பளிச்சென்று கூடும். விலையும் அதே அளவு பெரியது: பூச்சு எல்லாம் போகும், சில ஆட்டங்களில் திரையே காலியாகும். இந்த எச்சரிக்கையை செட்டிங்கின் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா மகனும் நண்பன் சொல்லி ஒருமுறை இதை ஆன் செய்திருக்கிறான். அரங்கம் இருண்டு போய், உயிர்க்கோடு மட்டும் மிதந்ததாம். "கேம் ஃபைல் கரப்ட்" என்று முடிவு கட்டி மறுபடி காப்பி செய்திருக்கிறான், பாவம்.

இன்னொரு பொறி இருக்கிறது. இதை ஆன் செய்தால் ரெண்டரிங் ரெசல்யூஷன் செட்டிங் செயலிழந்துவிடும். படம் திரையின் அளவிலேயே வரையப்படும். ஆகவே 1எக்ஸும் இதுவும் சேர்ந்து இரட்டை வேகம் தரும் என்று கணக்குப் போட முடியாது. உயர்ந்த திரை உள்ள பலவீனமான ஃபோனில் இது 1எக்ஸைவிட மெதுவாக ஓடினாலும் ஆச்சரியமில்லை.

சின்னவற்றில் ஸ்கிப் ஜிபியு ரீட்பேக்ஸ் பெரும்பாலும் சாது. சேவ் பட்டியலில் வரும் குட்டிப் படம் காலியாகலாம், வேறு சில ஆட்டங்களில் ஏதோ ஒரு காட்சி கெடலாம். லேஸி டெக்ஸ்சர் கேச்சிங் எழுத்துகளைக் குளறுபடி செய்யக்கூடும். வசனம் நிறைந்த ஆட்டத்தில் தொடாதீர்கள். ஸ்ப்லைன் வளைவுகளின் தரம் என்று ஒன்று இருக்கிறது, லோகோரோகோ மாதிரி சில ஆட்டங்களுக்குத்தான் அது பொருந்தும். அங்கே குறைத்தால் வட்டமான பயல்கள் கொஞ்சம் கோணலாவார்கள், அவ்வளவே.

இவற்றை ஆன் செய்வதானால் பொது செட்டிங்கில் வேண்டாம். ஆட்டத்தின் படத்தை அழுத்திப் பிடித்து, கிரியேட் கேம் கான்ஃபிக் கொடுத்து, அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வையுங்கள். ஒரு மாதம் கழித்து வேறொரு ஆட்டத்தில் கதாநாயகன் முகம் காணாமல் போகும்போது காரணம் தேடி அலைய வேண்டாம்.

## அலங்காரங்களும் சிபியு கிளாக்கும்

பொருள்களின் மேற்பரப்புப் படங்களைப் பெரிதாக்கும் டெக்ஸ்சர் அப்ஸ்கேலிங்கை ஃபோனில் அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிஆர்இசட் போன்ற அதன் முறைகள் பிராசஸரைப் பிழிகின்றன, புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் வெட்டும். சாய்வாகத் தெரியும் பரப்புகளைக் கூர்மையாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. திணறினால் குறையுங்கள்.

சிபியு கிளாக் பற்றித்தான் மிகப் பெரிய தவறான நம்பிக்கை. அந்த எண் உங்கள் ஃபோனின் வேகம் இல்லை, உள்ளே இருக்கும் போலி பிஎஸ்பியின் வேகம். அசல் பிஎஸ்பி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஆரம்ப வருடங்களில் ஆட்டங்களுக்கு 222 மட்டுமே கொடுத்த சோனி, 2007-இல்தான் 333-ஐத் திறந்துவிட்டது. 2008-இல் வந்த காட் ஆஃப் வார் செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இங்கே 1000 வைத்தால், மூன்று மடங்கு வேகமான பிஎஸ்பியைப் போலி செய்யும்படி ஃபோனிடம் கேட்கிறீர்கள். திணறுகிற ஃபோன் இன்னும் திணறும். அசல் பிஎஸ்பியிலேயே இழுத்த ஆட்டத்தை, பலமான ஃபோனில் ஓட்டும்போது மட்டும்தான் இதை ஏற்றுவதில் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் 0-வில், அதாவது தானியங்கியில் விடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ரெசல்யூஷன் குறைப்பு | ஆட்டோ ஃபிரேம் ஸ்கிப் | வல்கன் | ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ் |
|---|---|---|---|---|
| யார் சுமை குறையும் | கிராஃபிக்ஸ் சிப் | முக்கியமாக கிராஃபிக்ஸ் சிப் | பிராசஸர் | கிராஃபிக்ஸ் சிப் |
| சீரான அசைவு | மேம்படும் | கெடும் | முதலில் வெட்டும், பிறகு சரி | மேம்படலாம் |
| படம் உடையுமா | உடையாது, மங்கும் | சில ஆட்டங்களில் மினுக்கும் | டிரைவரைப் பொறுத்தது | அடிக்கடி உடையும் |
| சூடு | நன்றாகக் குறையும் | ஓரளவு குறையும் | ஓரளவு குறையும் | திரையைப் பொறுத்தது |
| எப்போது | எல்லோரும், முதலில் | முறைவைத்து ஆடும் ஆட்டங்கள் | புதிய ஃபோன் | மிகப் பழைய ஃபோன், ஒரே ஒரு ஆட்டத்துக்கு |

சண்டை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: பஃபர் கிராஃபிக்ஸ் கமாண்ட்ஸ் என்ற செட்டிங் வேகத்தைக் கூட்டி, பட்டன் தாமதத்தையும் கூட்டும். ஃபோன் தாங்குமென்றால் டெக்கனுக்கு அதை அணைத்துப் பாருங்கள். தடுப்பு விழுகிற நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

## அக்கா மகன் ஃபோனில் நடந்தது

எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, வல்கன் போட்டு, 1எக்ஸில் ஆரம்பித்தேன். 48-இல் தவழ்ந்த வேகம் 100. 2எக்ஸ், அதே 100. 3எக்ஸில் பெரிய சண்டைகளில் 90-க்கு இறங்கியது, ஆகவே 2எக்ஸில் நிறுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் விளையாடினான். ஃபோன் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை.

மறுநாள் காலையில் திரும்ப வந்து நின்றான். "மாமா, காட் ஆஃப் வார் சூப்பர். லிபர்ட்டி சிட்டியும் ஓகே. டெக்கன் மட்டும் 100 காட்டுது, ஆனா ஏதோ தட்டுது." இசை சுத்தமாக இருந்தது, எண்ணிலும் குறை இல்லை. எமுலேட்டர் செட்டிங் எதிலும் தேடிப் பயனில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஃபோனின் திரை செட்டிங்கைப் பார்த்தேன், 90 ஹெர்ட்ஸ். நொடிக்கு 90 முறை புதுப்பிக்கிற திரையில் 30 ஃபிரேம் ஆட்டம் சரியாக வகுபடும், ஒவ்வொரு படமும் மூன்று முறை. 60 ஃபிரேம் வகுபடாது. ஒரு படம் ஒருமுறை, அடுத்தது இருமுறை என்று நொண்டும். அதனால்தான் டெக்கன் மட்டும். திரையை 60-க்கு மாற்றியதும் நொண்டல் போய்விட்டது. 120 ஹெர்ட்ஸ் திரையாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

அக்காவிடம் ஃபோன் பற்றிப் பேச வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனது. பையன் முகத்தில்தான் கொஞ்சம் ஏமாற்றம்.